மாசிலாமணி வாத்தியாரின் அண்ணத் தட்டு

போன மாதம் ஷாலினி என்கிற பெண் என்னைத் தன் பல் மருத்துவக் கூடத்துக்கு அழைத்திருந்தாள். நான் பார்த்த அதே உத்தியோகத்தை இப்போது அவள் பார்க்கிறாள். பேனா மாதிரி ஒரு கருவியை நோயாளியின் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். திரையில் பல்லும் அண்ணமும் வண்ணத்தில் எழுந்து நின்றன. பக்கத்து அறையில் ஓர் எந்திரம் அந்த வாய்க்குப் பொருந்தும் தட்டைத் தானாகவே செய்துகொண்டிருந்தது. மாக்கல் தூசி இல்லை, உருகிய மெழுகின் வாடை இல்லை.

"ஆங் மோ கியோலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க அங்கிள், சும்மா விட மாட்டேன்," என்றாள். "எங்க ஆண்டு விழா மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. உங்க சர்வீஸ்ல பெஸ்ட் கேஸ் எது? ஹாப்பியா எழுதுங்க லா, சோகம்லாம் வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சந்தோஷமான சம்பவங்கள் எனக்கும் உண்டு. கிராஞ்சியிலிருந்து வந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், புதுப் பல்செட் மாட்டிய அன்றே கரும்பைக் கடித்துக் காட்டியதை எழுதலாம். ஆனால் என் கையால் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று கேட்டால் பொய் சொல்ல வாய் வரவில்லை. அது ஒரு தமிழ் வாத்தியாருக்குச் செய்த அண்ணத் தட்டு. அவர் வாயில் அது சில வாரங்கள்தான் இருந்தது. மலருக்கு ஒத்துவராவிட்டால் ஷாலினி இதைத் தூக்கிப் போட்டுவிடட்டும்.

என் பெயர் சூசைநாதன். ஐம்பதுகளின் நடுவில் பல் மருத்துவமனையின் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லிம் என்ற மூத்த டெக்னீஷியன் வேலை பழக்கினார். பேச்சே கிடையாது. தப்பாகச் செய்ததை நம் கண்முன்னே சுத்தியலால் உடைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அச்சு எடுக்கும் மாக்கல் பொடியைக் குழைப்பது, மெழுகு வார்ப்பது, கம்பி வளைப்பது, வேகவைத்த பிளாஸ்டிக்கை அரத்தால் ராவி மெருகேற்றுவது எல்லாம் அப்படித்தான் கைக்கு வந்தன.

டாக்டர் துரைநாயகம் எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது நான் தனியாக வேலை பார்க்கும் அளவுக்குத் தேறியிருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஈப்போவில் பிறந்து லண்டனில் படித்தவர். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கியிருந்த காலம் அது. காலியாகும் நாற்காலிகளில் உள்ளூர்க்காரர்கள் உட்காரத் தகுதியானவர்கள்தானா என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். வெளிநாட்டு மருத்துவ ஏட்டில் சொந்த ஆராய்ச்சி ஒன்று வந்தால் அந்தப் பேச்சு அடங்கும் என்று டாக்டருக்குத் தெரியும். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட விஷயம்தான் அண்ணத் தட்டு.

இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேல்தாடையில் புற்றுநோய் வந்தால் அறுவை மருத்துவர் தாடையின் பாதியை எடுத்துவிடுவார். அத்தோடு வாயின் கூரையும் பாதி போய்விடும். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இருக்காது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேசினால் காற்றெல்லாம் மூக்கில் போய், 'ப' என்பது 'ம' ஆகும், 'ட' என்பது 'ண' ஆகும். அந்தப் பொத்தலை அடைக்க, மிச்சமிருக்கும் பற்களில் கம்பியால் கவ்விக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் தட்டு செய்வோம். தட்டின் மேலே உள்ளீடற்ற குமிழ் ஒன்று இருக்கும். அது பொத்தலுக்குள் போய் உட்காரும். நாங்கள் சுருக்கமாக பிளேட் என்போம்.

பிளேட்டுக்கு அளவு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமையான வேலை. ஆறியும் ஆறாமலும் இருக்கும் புண்ணுக்குள் பசை மாதிரி ஒரு கலவையை வைத்து, அது இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். நோயாளிக்குக் குமட்டும். மூச்சு முட்டுகிற பயம் வரும். டாக்டர் துரைநாயகம் அதைச் செய்கிற விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. முழங்கைவரை கழுவுவார். வாஸ்லீன் தடவிய துணியைச் சின்னச் சின்னதாக மடித்து, பசை மூக்குக்குள் ஏறாதபடி உள்மூலைகளில் ஒவ்வொன்றாக வைப்பார். பசையை ஏந்தும் இரும்புக் கரண்டி வாயில் சில்லென்று படக்கூடாது என்று அதைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். வைத்த பிறகு ஒரு கையால் கரண்டியைத் தாங்கி, மறு கையை நோயாளியின் நெற்றியில் வைத்து, தானும் அவரோடு மெதுவாக மூச்சு விடுவார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிறவரையும் 'மிஸ்டர்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் ஒரு சொல் அவர் வாயில் வந்து நான் அதுவரை கேட்டதில்லை.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே கனத்தில், ஒரே வளைவில் பிளேட் செய்வது. பிறகு ஆங்கிலச் சொற்கள் அடங்கிய ஒரு பட்டியலை பிளேட் இல்லாமல் ஒரு தடவையும் போட்டுக்கொண்டு ஒரு தடவையும் வாசிக்கச் சொல்லி, டேப்பில் பதிவது. அதை நோயாளியைப் பார்த்திராத மூன்று பேர் கேட்டு, காதில் விழுந்ததை எழுதுவார்கள். எவ்வளவு சரியாக எழுதினார்களோ, பேச்சு அவ்வளவு திரும்பிவிட்டது என்று கணக்கு.

மாசிலாமணி வாத்தியாரை இந்த ஆராய்ச்சியில் சேர்த்ததற்குக் காரணம், ஆள் போதவில்லை என்பதுதான். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவர். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் காலர் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். முதல் நாள் மனைவி வள்ளியம்மையோடு வந்தார். முகத்தின் ஒரு பக்கம் குழிந்திருந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னார். 'மானம்' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

"பாடம்னு சொல்றாரு தம்பி," என்றார் வள்ளியம்மை. "மறுபடியும் பாடம் நடத்த முடியுமான்னு கேக்குறாரு."

"முடியும்மா. பிளேட் போட்டா பேசலாம்," என்றேன். டாக்டரின் மற்ற நோயாளிகள் பேசுவதைக் கேட்டிருந்தேனே.

பிளேட் தயாரானது. டாக்டர் மாட்டிவிட்டார். வாத்தியார் எச்சிலை விழுங்கினார், நாக்கை அசைத்துப் பார்த்தார், "பாடம்" என்றார். 'ப' சரியாக வந்தது. அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். வாத்தியார் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே பள்ளிக்குத் திரும்பினார்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தவர், டாக்டர் வெளியே போனதும் என்னிடம் நெருங்கி வந்தார்.

"தம்பி, ஒரு விஷயம். டாக்டர்கிட்ட சொன்னா நன்றி கெட்டவன்னு நினைப்பாரு." பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று வழுக்கியது. "நான் 'மழை'ன்னு சொல்றேன். என்ன கேக்குது?"

"மலை."

"பள்ளி?"

சொல்லத் தயங்கினேன். அவரே சொன்னார். "பல்லி. பள்ளிக்கூடம்னு சொன்னா பிள்ளைங்க கெக்கேபிக்கேன்னு சிரிக்குதுங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். போன வாரம் சொல்வதெழுதுதல் வச்சேன். 'மழை பெய்தது'ன்னு சொன்னேன். வகுப்பு முழுக்க 'மலை பெய்தது'ன்னு எழுதியிருக்கு. சிவப்பு மையைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எதைச் சுழிக்கிறது? நான் சொன்னதைத்தானே அதுங்க எழுதியிருக்கு?"

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. அண்ணத் தட்டு பொத்தலை அடைக்கிறது. ஆனால் அண்ணத்தின் மேல் கனமாகவும் உட்கார்ந்துவிடுகிறது. நாக்கு நுனியை மேலே மடக்க இடம் இல்லை. ஆங்கிலம் பேச அது பெரிய தடை இல்லை. தமிழில் ட, ண, ள, ழ எல்லாவற்றுக்கும் நாக்கு மடங்கித்தான் ஆகவேண்டும்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்பதில் குறையே வைக்க மாட்டார். "கனத்தை இந்தக் கட்டத்தில் மாற்ற முடியாது, மிஸ்டர் சூசை. ஒருவருக்கு மாற்றினால் மற்றவர்களோடு ஒப்பிட முடியாமல் போகும். பதிவு முடியட்டும், அவருக்கு வேறு ஒன்று செய்வோம்," என்றார்.

பதிவு எப்போது என்று கேட்டேன். டேப் எந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டது, லண்டனிலிருந்து வரவேண்டும் என்றார்.

அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வாத்தியாரின் வாயின் மாக்கல் அச்சு பட்டறையில்தான் இருந்தது. அதன் மேல் இன்னொரு பிளேட் வார்த்தேன், மெல்லியதாக. மதிய இடைவேளையில் வாத்தியாரை வரச் சொன்னேன். பள்ளி காலை நேரப் பள்ளி. முடிந்ததும் பஸ் பிடித்து ஓடி வருவார். பிளேட்டை ஈரம் இல்லாமல் துடைத்து, அதன் மேல் முகப்பவுடர் தூவி, அவரையே வாயில் மாட்டிக்கொள்ளச் சொல்லி, ஒரே ஓர் எழுத்தைச் சொல்லச் சொல்வேன். "ட." உடனே கழற்றிப் பார்த்தால் நாக்கு பட்ட இடத்தில் பவுடர் அழிந்திருக்கும். இந்த வித்தையும் டாக்டர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆங்கில 's' ஒலிக்காக அவர் செய்வார். பவுடர் அழிந்த இடத்துக்குப் பின்னால் கொஞ்சம் ராவுவேன். மறுபடி பவுடர். "ண." மறுபடி ராவல். பிளேட் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு மெலிந்தது. இன்னும் ராவினால் உடையும். லிம் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, பிளேட்டை வாங்கிப் பார்த்து, நான் எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சுத்தியலை எடுக்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது.

ட வந்தது. ண வந்தது. ள வந்தது. ழ மட்டும் முழுதாக வரவில்லை, பாதி வந்தது. வாத்தியார் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, "மழை, வாழை, ஏழை, கூழ்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு திடீரென்று, "வள்ளி," என்றார். சிரித்தார்.

"வீட்டுல பேர் சொல்லிக் கூப்பிடுறதையே விட்டுட்டேன் தம்பி. வல்லின்னு வந்துச்சா, அவ ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்கு நாக்கு கூசுச்சு."

டாக்டர் மாட்டிவிட்ட கனமான பிளேட்டை மருத்துவமனைக்கு வரும்போது போட்டுக்கொள்ளுங்கள், இதைப் பள்ளிக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

சில வாரங்கள் ஓடின. பரிசோதனை நாள் வந்தது. வாத்தியார் தேக்காவில் லட்டு வாங்கி, காகிதப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். அறைக்குள் நுழைந்ததும் அதை டாக்டரின் மேசையில் வைத்துக் கும்பிட்டார். வாயில் இருந்தது என் பிளேட்.

"டாக்டர், உங்க புண்ணியம். புதுத் தட்டுல எழுத்தெல்லாம் வருது. போன சொல்வதெழுதுதல்ல பாதி வகுப்பு முழு மார்க்கு!"

டாக்டர் லட்டுப் பெட்டிக்கு நன்றி சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, பிளேட்டைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த வேலையின் நேர்த்தி அவருக்குத் தெரிந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

"மிகச் சுத்தமான வேலை, மிஸ்டர் சூசை," என்றார். "ஆனால் இது இங்கேயே இருக்கட்டும்."

வாத்தியாருக்கு நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நாக்கு ஒரு தட்டுக்குத்தான் பழக வேண்டும். இரண்டுக்கும் பழகினால் பதிவு செய்வது எதன் விளைவு என்று சொல்ல முடியாது. பதிவு முடிந்த மறு நிமிடம் இது அவருக்குத் திருப்பித் தரப்படும். அவ்வளவுதான் டாக்டர் சொன்னது. அந்த வாதத்தில் அன்றைக்கும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

"கொஞ்ச நாள்தானே தம்பி?" என்று கேட்டார் வாத்தியார்.

"கொஞ்ச நாள்தான் சார்."

டாக்டர் என் பிளேட்டையும் மாக்கல் அச்சையும் தன் அறையில் இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய சாவிக்கொத்தில் போயிற்று.

டேப் எந்திரத்தின் பாகம் வந்தது. அது வேறு மாடலுக்கு உரியது. திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் டாக்டருக்கு லண்டனில் சில மாதம் பயிற்சி வாய்ப்பு வந்தது. கப்பலேறப் போவதற்கு முந்தின நாள் அவர் அறைக்குப் போனேன். பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். அந்த பிளேட்டை மட்டும் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், நீங்கள் வந்ததும் அவர் பழைய பிளேட்டுக்குப் பழகிக்கொள்வார், பள்ளியில் அவருக்கு நெருக்கடி என்றேன். தலையசைத்துக் கேட்டார். முடியாது என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சார், அவர் ஒரு தமிழ் வாத்தியார். நீங்கள் அவருடைய பேச்சை ஆங்கிலத்தில் அளக்கிறீர்கள்," என்றேன்.

அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என்னோடு தமிழில் பேசினார்.

"எனக்குத் தமிழ் தெரியாதெண்டு நினைச்சீரோ, சூசை? அந்த மனுசன் 'மழை' எண்டு சொல்ல ஏலாமல் தவிக்கிறது என்ர காதிலையும் விழுகுதுதான்."

"அப்புறம் ஏன் சார்?"

"தமிழில சோதிச்சால் ஆர் வாசிக்கிறது? லண்டனில 'ழ'வைக் கேக்கக் காது இருக்கோ? வாய் முழுசா இருக்கிறவனே 'தமில்' எண்டுதான் சொல்லித் திரியிறான். இந்த ஆராய்ச்சி நிண்டுபோனால், அடுத்து வாற நோயாளிக்கு இந்தத் தட்டும் இல்லை. அதை யோசிச்சீரோ?"

அவர் மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், மிஸ்டர் சூசை," என்றார், ஆங்கிலத்தில்.

அவர் போன பிறகு வேறொரு இளம் டாக்டரிடம் போய், வாத்தியாருக்குப் புதிதாக அளவு எடுத்துத் தாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். டெக்னீஷியன் நோயாளியின் வாயில் கை வைக்கக் கூடாது, அன்றைக்கு அது சட்டம். "துரைநாயகத்தோட கேஸ். நான் தொட மாட்டேன், சாரி," என்று அவர் எழுந்து போய்விட்டார்.

பள்ளியில் நடந்ததை வள்ளியம்மை சொல்லித்தான் அறிந்தேன். கனமான பிளேட்டோடு வாத்தியார் பழையபடி பாடம் நடத்தினார். ஒரு பிள்ளையின் தகப்பனார் நோட்டை எடுத்துக்கொண்டு நிர்வாகியிடம் போனார். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதே தமிழுக்காக, அதையே 'தமில்' என்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் எதற்கு என்று கேட்டாராம். நிர்வாகி நல்ல மனிதர். வாத்தியாரைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, கோப்பி வாங்கிக் கொடுத்து, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஏற்கெனவே பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற பெற்றோரையும் இழக்க முடியாது. கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள், உடம்பு தேறியதும் பார்க்கலாம்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்காரு," என்றார் வள்ளியம்மை. "அதையும் அவரு வாயால சரியாச் சொல்ல முடியலை தம்பி. 'உதம்பு'ன்னு வந்திருக்கு."

டாக்டர் திரும்பி வந்தார். எந்திரமும் சரியாகியிருந்தது. பதிவுக்கு வாத்தியார் அதே வெள்ளைச் சட்டையில், காலர் பொத்தான் போட்டு வந்தார். ஆங்கிலச் சொற்களை வீட்டில் மனப்பாடம் செய்திருந்தார். பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. எந்திரத்தை இயக்கியது நான். பிளேட் இல்லாமல் வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். போட்டுக்கொண்டு வாசித்தபோது ஒவ்வொரு சொல்லும் மணி அடித்த மாதிரி வந்தது. எழுதிய மூன்று பேரும் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாக எழுதினார்கள். டாக்டரின் நோயாளிகளிலேயே முதலிடம் மாசிலாமணி வாத்தியாருக்கு.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. அன்றே அலமாரியைத் திறந்து என் பிளேட்டை எடுத்து, கழுவித் துடைத்து, அவரே வாத்தியாரின் வாயில் வைத்தார். அது உட்காரவில்லை. மாதங்கள் கழிந்ததில் புண் ஆறிச் சுருங்கியிருந்தது. வாயில் போட்டுவந்த கனமான பிளேட்டின் குமிழை, லண்டன் போகுமுன்பும் திரும்பிய பிறகும், டாக்டர் திருத்தியிருந்தார். அலமாரியில் இருந்ததை யார் திருத்துவது? ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் தூக்கியது. வாத்தியாரின் ஈறில் இரத்தம் துளிர்த்தது. டாக்டர் கையை எடுத்தார்.

"புதுசா அளவு எடுத்துச் செஞ்சிடலாம் சார். டாக்டரும் சரின்னுட்டாரு. ரெண்டே வாரம்," என்று வாத்தியாரிடம் சொன்னேன்.

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "யாருக்குத் தம்பி சொல்லிக்கொடுக்கப் போறேன்?" என்றார். "சாப்பிட இது போதும்."

பிறகு அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கடை விளம்பரம். ல, ள, ழ மாறி வந்தால் சிவப்பு மையால் திருத்துவார். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஒரு தடவை சிராங்கூன் சாலையில் எதிரே வந்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. கையை ஆட்டி நலமா என்று கேட்டுவிட்டு நடந்தார். இப்படியே சில வருஷங்கள்.

டாக்டரின் கட்டுரை வெளிநாட்டு ஏட்டில் வந்தது. வாத்தியாரின் வாய் அதில் படமாக இருந்தது. கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் இவ்வளவு சிறப்பாகச் செய்திருக்கிறார் என்று பெருமையாகப் பேசினார்கள். அடுத்த காலி நாற்காலியில் டாக்டர் துரைநாயகம் உட்கார்ந்தார். அது நியாயம்தான். அதன் பிறகு மருத்துவமனையில் அண்ணத் தட்டுக்கென்று தனிப் பிரிவே வந்தது. அவர் சொன்னது போலவே அடுத்தடுத்து வந்த நோயாளிகளுக்குத் தட்டு கிடைத்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. என் கசப்பு இதனால் குறையவும் இல்லை.

அறுபதுகளின் பின்பாதியில் வாத்தியாருக்கு நோய் திரும்ப வந்தது. இந்தத் தடவை கழுத்தில். அதிக நாள் இல்லை.

அவர் இறந்த மறு மாதம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மாணவர்கள் பார்ப்பதற்காகப் பிரிவின் வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைக்கப் போகிறோம், மாசிலாமணியின் பிளேட் அதில் இருக்க வேண்டும், நீங்கள் போய்க் கேட்டு வாங்கி வாருங்கள் என்றார். மரியாதையாகக் கேளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடி அறை. வள்ளியம்மை கதவைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னார். வந்த காரியத்தைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. சொன்னதும் எழுந்து உள்ளே போய், ஒரு வெள்ளைத் துணி முடிச்சோடு வந்தார். அவர் கடைசிவரை போட்டிருந்த கனமான பிளேட்டைப் பல்தூள் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்தார். கம்பிகூடக் கறுக்கவில்லை.

"இந்தாங்க," என்று நீட்டினார். நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, "இதை வேற யாருக்காவது வச்சு விடுவீங்களா தம்பி? வாய் போன ஏழைபாழைங்களுக்கு?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒரு வாய்க்குச் செஞ்சது இன்னொரு வாய்க்கு ஒத்துவராது. கண்ணாடிப் பெட்டியில வைக்கத்தான் கேக்குறாங்க. படிக்கிற பிள்ளைங்க பாக்குறதுக்கு."

"எதைப் பாக்குறதுக்கு?"

"அவர் நல்லாப் பேசினாருன்னு."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். துணியை மறுபடி முடிந்தார்.

"கோப்பி குடிச்சிட்டுப் போங்க தம்பி," என்றார்.

குடித்துவிட்டு வந்தேன். நடந்ததை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்தார். மாக்கல் அச்சு தூசி படாமல், துணியில் சுற்றி, அதே இடத்தில் இருந்தது.

"இதிலிருந்து ஒன்று செய்துவிடுங்கள், மிஸ்டர் சூசை. பழைய கனத்தில்."

செய்தேன். அரசாங்க உத்தியோகம், சொன்னால் செய்ய வேண்டும். மெழுகு வார்த்து, வேகவைத்து, ராவி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றினேன். கண்ணாடிப் பெட்டி திறந்த அன்று மாணவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எந்த நாக்கும் படாத பிளேட். கீழே ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: 'பேச்சு – மிக நன்று.'